2020-ஆம் ஆண்டின் தொழுநோய்க் கணக்கை என்ன செய்வது?

கேள்வி: பொதுச் சுகாதார அலுவலகம் ஒன்றின் புள்ளிவிவரப் பிரிவில் பணியாற்றுகிறேன். தொழுநோய், யானைக்கால் நோய் ஆகிய இரண்டுக்கும் பத்தாண்டுத் தொகுப்பறிக்கை தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. தொழுநோயில் ஆண்டுதோறும் சிறிதளவே மாறிவந்த புதிய நோயாளிகளின் எண்ணிக்கை 2020-இல் ஏறக்குறையப் பாதியாகச் சரிந்து, 2021-இலும் தாழ்ந்தே இருந்து, பிறகு ஏறுகிறது. யானைக்கால் நோய்க்கு, மாத்திரை வழங்குவது நிறுத்தப்பட்ட பின் 2020-இல் பள்ளிகளில் நடக்கவிருந்த இரண்டாவது பரவல் மதிப்பீட்டு ஆய்வு, 2022-இல்தான் நடந்தது. முடிவு வரம்புக்குள் வந்தது. அந்த இரண்டு ஆண்டுகளையும் அறிக்கையிலிருந்து நீக்கிவிடலாம் என்கிறார் உடன் பணியாற்றும் ஒருவர். முன்பின் ஆண்டுகளின் சராசரியை இட்டு நிரப்பலாம் என்கிறார் இன்னொருவர். மேலதிகாரியோ சரிவைத் திட்டத்தின் வெற்றியாகக் காட்டலாம் என்று எண்ணுகிறார். எது சரி? இனி ஒரு பெருந்தொற்று வந்தால் எதை விடாமல் செய்ய வேண்டும்?

பதில்: மூன்றுமே சரியல்ல. 2020, 2021-ஆம் ஆண்டுகளின் எண்களை உள்ளபடியே வைத்திருங்கள். ஆனால் அவற்றைத் தனியே விடாமல், அந்த ஆண்டுகளில் எத்தனை பேரைப் பரிசோதித்தோம், எத்தனை நாள் களத்துக்குச் சென்றோம் என்ற எண்ணை ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுதுங்கள். நோயாளிகளின் எண்ணிக்கை நோயின் அளவையும் தேடலின் அளவையும் சேர்த்தே காட்டுவது. மற்ற ஆண்டுகளில் தேடல் ஏறக்குறைய ஒரே அளவில் நடந்ததால் அது நம் கண்ணில் படவில்லை. பெருந்தொற்று ஆண்டுகளில் அதுதான் முதலில் மாறியது.

சரிவு நோயின் சரிவாக இருக்க முடியாது என்பதற்குத் தொழுநோயின் இயல்பே சான்று. கிருமி உடலில் நுழைந்து நோய்க்குறி தெரிவதற்குச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. இருபது ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். ஊரடங்கினால் மனிதர்கள் ஒருவரையொருவர் நெருங்காமல் இருந்து பரவல் குறைந்தது என்றே வைத்துக்கொண்டாலும், அதன் பலன் 2025-ஐ ஒட்டித்தான் கணக்கில் தெரியத் தொடங்குமே தவிர, அதே ஆண்டில் தெரியாது. 2020-இல் கண்டறியப்பட வேண்டியவர்கள் பெரும்பாலும் 2015-ஐ ஒட்டியோ அதற்கு முன்போ தொற்றுக்கு ஆளானவர்கள். அவர்கள் எங்கும் போய்விடவில்லை. மேலதிகாரியிடம் இந்த ஒன்றை எடுத்துச் சொன்னாலே போதும் என்று நினைக்கிறேன். அதற்குப் புள்ளியியல் எதுவும் தேவையில்லை.

உங்கள் அலுவலகத்தில் நடந்தது உலகெங்கும் நடந்தது. உலக அளவில் 2019-இல் பதிவான புதிய தொழுநோயாளிகள் 2,02,000-க்குச் சற்று மேல். 2020-இல் அது 1,27,000 அளவுக்கு இறங்கியது. அந்த ஆண்டு உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிக்கை அனுப்பிய நாடுகளின் எண்ணிக்கையும் குறைந்தது. ஏப்ரல் 1, 2020 அன்று அந்த நிறுவனமே, தொழுநோய், யானைக்கால் நோய் போன்ற ‘புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்’களுக்கான சமூகக் கணக்கெடுப்புகளையும், வீடு வீடாகச் சென்று நோயாளிகளைத் தேடும் பணியையும், ஊர் முழுவதற்கும் மாத்திரை வழங்கும் சுற்றுகளையும் தற்காலிகமாகத் தள்ளிவைக்குமாறு அறிவுறுத்தியது. அதே ஆண்டு ஜூலை இறுதியில், ஆபத்தையும் பயனையும் எடைபோட்டுப் படிப்படியாகத் தொடங்கலாம் என்று வழிகாட்டியது. தள்ளிவைத்தது தவறு என்று நான் சொல்லமாட்டேன். அன்றைய நிலையில் களப்பணியாளரே தொற்றை வீடு வீடாகக் கொண்டுசேர்த்துவிடும் ஆபத்து மெய்யாகவே இருந்தது. ஆனால் தேடலை நிறுத்தச் சொன்ன ஆண்டின் எண்ணிக்கையை, தேடிய ஆண்டின் எண்ணிக்கையோடு ஒரே கோட்டில் வைத்து வெற்றி என்பது பொருந்தாது.

இந்த நோய்களின் கண்காணிப்பு பெருந்தொற்றின்போது இவ்வளவு எளிதாகச் சரிந்ததற்குக் காரணம் உண்டு. மாரடைப்பு வந்தவர் தாமாகவே மருத்துவமனைக்கு ஓடி வருவார். தொழுநோயின் தேமல் வலிப்பதில்லை, அரிப்பதில்லை. உணர்ச்சி இல்லை என்பதே அதன் அடையாளம். முதுகில் இருக்கும் வெளிறிய தேமலை அதற்குரியவர் பார்த்தே இருக்கமாட்டார். பரிசோதகர் ஒருவர் எதிரே அமர்ந்து, சட்டையைக் கழற்றச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தைச் சுட்டிக்காட்டும்படி கேட்க வேண்டும்; தேமலுக்கு வெளியே தொட்டபோது சரியாகக் காட்டிய விரல், தேமலுக்குள் தொட்டபோது அசையாமல் இருப்பதைக் கவனிக்க வேண்டும். இமையின் உட்புறத்தைத் தாக்கிப் பார்வையைப் பறிக்கும் தொற்றான டிரக்கோமாவுக்கு இன்னும் நெருக்கம்: குழந்தையின் மேல் இமையைத் திருப்பி, உருப்பெருக்குக் கண்ணாடி வழியே ஒரு சாண் தொலைவில் பார்க்க வேண்டும். யானைக்கால் நோயின் இளம்புழுக்கள் பெரும்பாலான பகுதிகளில் இரவில்தான் புற இரத்தத்துக்கு வருகின்றன என்பதால், இரத்தத் துளி எடுக்கும் குழு இரவு பத்து மணிக்குப் பிறகு தெருவில் இறங்க வேண்டும். இரவு ஊரடங்கு நடப்பில் இருந்த காலத்தில் அந்தப் பணி என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மனிதருக்கு மனிதர் விலகியிருக்கச் சொன்ன காலத்தில், நெருங்கினால் மட்டுமே தெரியும் நோய்கள் கணக்கிலிருந்து மறைந்தன.

அறிக்கையில் முதலில் சரிபார்க்க வேண்டியது பூஜ்ஜியங்களை. ‘தேடினோம், ஒருவரும் இல்லை’ என்பதும் ‘அறிக்கையே வரவில்லை’ என்பதும் வேறு வேறு. தொகுப்பு அட்டவணையில் வெற்றுக் கட்டங்களை நிரப்பும்போது இரண்டும் ஒரே ‘0’ ஆகிவிடும். நான் ஒருமுறை தொகுத்த கணக்கில், ஒரு துணை நிலையத்தில் தொடர்ந்து நான்கு மாதங்களுக்குப் பூஜ்ஜியம் இருந்தது. அழகான நேர்கோடு. தொலைபேசியில் விசாரித்தபோது, அங்கிருந்த ஒரே களப்பணியாளர் அந்த நான்கு மாதமும் தனிமைப்படுத்தல் முகாமில் காய்ச்சல் பார்க்கும் பணியில் இருந்தார் என்று தெரிந்தது. பூஜ்ஜியத்தை இட்டவர் அவரல்லர். படிவத்தை அனுப்பியே ஆக வேண்டும் என்பதற்காக வேறொருவர் இட்டது. ஆகவே மூலப் பதிவேடுகளும் பயணப் பதிவுகளும் பணியாளர் மாற்றுப்பணி ஆணைகளும் கிடைக்கும்வரை தேடி, ஆள் இல்லாத மாதங்களில் பூஜ்ஜியத்தை நீக்கி ‘அறிக்கை இல்லை’ என்று எழுதுங்கள். மூன்று நிறங்கள் போதும்: தேடல் நடந்தது, பகுதியாக நடந்தது, நடக்கவில்லை. இதற்கு ஒரு வாரம் பிடிக்கும். தொகுப்பறிக்கையில் மிகவும் பயனுள்ள வாரம் அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்து, தவறவிடப்பட்டவர்கள் உண்மையிலேயே இருந்தார்களா என்பதை அறியும் வழி. புதிய நோயாளிகளில் கண்டறியும்போதே இரண்டாம் நிலை ஊனத்தோடு, அதாவது கண்ணுக்குத் தெரியும் ஊனத்தோடு, வந்தவர்கள் எத்தனை பேர் என்பதே அதற்கான அளவுகோல். இதில் ஒரு பொறி உண்டு; அனுபவசாலிகளும் அதில் விழுந்து பார்த்திருக்கிறேன். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். 2019-இல் 100 புதிய நோயாளிகள், அவர்களில் 5 பேருக்கு ஊனம், 5 விழுக்காடு. 2020-இல் 60 பேர், ஊனத்துடன் 5 பேர், 8.3 விழுக்காடு. விகிதம் ஏறியதைக் கண்டு ஊனம் பெருகிவிட்டது என்று எழுதிவிடக் கூடாது. ஊனமுற்றவர் தாமாகவே மருத்துவமனைக்கு வந்துவிட்டார். தேமல் மட்டும் உள்ளவரைத் தேடிப் போக ஆளில்லை. வகுக்கும் எண் சுருங்கியதால் விகிதம் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். மாறாக, 2022-இல் 110 பேர், ஊனத்துடன் 9 பேர் என்று வந்தால் விகிதம் அதே 8 விழுக்காட்டை ஒட்டியே இருந்தாலும் பொருள் முற்றிலும் வேறு: வகுக்கும் எண் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது, ஊனமுற்றவர்களின் எண்ணிக்கையே உயர்ந்துவிட்டது. 2020-இல் தேமலோடு மட்டும் இருந்த சிலர், கண்டறியப்படாமலே இரண்டு ஆண்டுகளைக் கழித்து, நரம்பு பாதித்து விரல் மடங்கிய பிறகு வந்திருக்கிறார்கள். எனவே விகிதத்தை மட்டும் போடாதீர்கள். எண்ணிக்கையையும் மக்கள்தொகைக்கு எத்தனை பேர் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். புதிய நோயாளிகளில் குழந்தைகள் எத்தனை பேர் என்பதையும் பாருங்கள்; குழந்தைகளிடம் காணப்படும் நோய் அண்மைக் காலப் பரவலைக் காட்டுவது. ஆனால் பள்ளிப் பரிசோதனைகள் நின்றிருந்த ஆண்டுகளில் அந்த எண்ணும் இதே குறைக்கு உட்பட்டதே.

முன்பின் ஆண்டுகளின் சராசரியால் நிரப்பும் யோசனையை நான் மறுப்பதற்குக் காரணம், கண்டறியாமல் விட்டுப்போனவர்கள் என்ற கடனை அது மறைத்துவிடும் என்பதே. நிரப்புவதைவிட, எதிர்பார்த்த எண்ணுக்கும் கண்டறிந்த எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை ஆண்டுதோறும் கூட்டிக்கொண்டே போவது மேல். உலகக் கணக்கை வைத்தே செய்து காட்டுகிறேன். பெருந்தொற்று வராமல், 2019-இன் 2,02,000 ஆண்டுக்கு 3 விழுக்காடு வீதம் இயல்பாகக் குறைந்து வந்திருக்கும் என்று கொண்டால், 2020 முதல் 2023 வரையிலான நான்கு ஆண்டுகளில் மொத்தம் ஏறத்தாழ 7,50,000 பேர் கண்டறியப்பட்டிருக்க வேண்டும். பதிவானவர்கள் முறையே 1,27,000, 1,40,000, 1,74,000, 1,82,000 என்ற அளவில் இருந்ததால், கூட்டுத்தொகை ஏறத்தாழ 6,25,000-ஐ எட்டுகிறது. அதாவது 2023-இல் ஆண்டுக் கணக்கு எதிர்பார்த்த நிலைக்கு வந்துவிட்டது, ஆனால் இடையில் விழுந்த ஒன்றேகால் இலட்சம் பேரின் பள்ளம் நிரம்பவில்லை. கோடு பழைய உயரத்துக்கு ஏறியதும் ‘மீண்டுவிட்டோம்’ என்று எழுதுவோர் பலர். பழைய உயரத்துக்கு ஏறுவது போதாது. விட்டதைப் பிடிப்பதற்கு அதற்கு மேலும் சில காலம் ஏறியிருக்க வேண்டும். நான் எடுத்துக்கொண்ட 3 விழுக்காட்டுக்குப் பதிலாக, 2015 முதல் 2019 வரை உங்கள் பகுதியில் இருந்த போக்கை இட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். பள்ளம் எத்தனை பேர் என்று வருகிறதோ அதுதான் அறிக்கையின் முதன்மையான எண்.

வெற்றியாகக் காட்டும் ஆசையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பல இலக்குகள் ‘மக்கள்தொகையில் 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு’ என்ற வடிவில் அமைந்தவை. தொழுநோயில் அது சிகிச்சையில் பதிவாகியுள்ளோரின் விகிதம். மணல் ஈ கடியால் பரவி நீண்ட காய்ச்சலைத் தரும் காலா அசாரில், இந்தியாவில் வட்டார அளவிலும் வங்கதேசத்தில் உபசில்லா (துணை மாவட்ட) அளவிலும் ஓராண்டில் கண்டறியப்படும் புதிய நோயாளிகளின் விகிதம். இரண்டும் தேடாமல் இருந்தாலே தாழ்ந்துவிடும். எல்லைக் கோட்டுக்குச் சற்று மேலே இருந்த பகுதி, 2020-இல் ஆள் செல்லாத காரணத்தாலேயே கோட்டுக்குக் கீழே வந்திருக்கக்கூடும். இரண்டு வாரத்துக்கும் மேல் நீடித்த காய்ச்சலோடு ஒருவர் அந்த ஆண்டில் மருத்துவமனைக்குப் போகத் தயங்கியிருப்பார் என்பதையும் மறக்கக் கூடாது; காய்ச்சல் என்று சொன்னாலே முகாமுக்கு அழைத்துச் சென்றுவிடுவார்கள் என்ற அச்சம் எங்கும் இருந்தது.

யானைக்கால் நோயைப் பொறுத்தவரை நீங்கள் அஞ்சும் அளவுக்குக் கவலை வேண்டியதில்லை. மாத்திரை நிறுத்திய பின் செய்யும் பரவல் மதிப்பீட்டு ஆய்வின் கேள்வி, ‘மருந்து இல்லாத காலத்தில் பரவல் மீண்டும் தலைதூக்கியதா?’ என்பதே. இரண்டு ஆண்டுகள் தாமதித்துச் செய்து, அப்போதும் ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளிடம் முடிவு வரம்புக்குள் இருந்தால், பரவலுக்குக் கூடுதல் கால அவகாசம் கொடுத்த பிறகும் அது எழவில்லை என்றாகிறது. அந்த வகையில் தாமதம் முடிவைப் பலவீனப்படுத்தவில்லை. வரம்பை மீறியிருந்தால்தான் தாமதம் பெரிய இழப்பு. பரவல் யாருக்கும் தெரியாமல் இரண்டு ஆண்டுகள் நடந்திருக்கும். எனினும் ஆய்வு நடந்த விதத்தைச் சரிபாருங்கள். தொடக்கப் பள்ளிச் சேர்க்கை விகிதம் 75 விழுக்காடாவது இருந்தால்தான் பள்ளிகளில் நடத்தலாம். இல்லையேல் வீடுகளில் நடத்த வேண்டும். பள்ளிகள் மூடித் திறந்த பிறகு 2019-இன் சேர்க்கை விகிதத்தையே வைத்துத் திட்டமிட்டிருந்தால், பள்ளிக்குத் திரும்பாத குழந்தைகள் விடுபட்டிருப்பார்கள். தொற்று அதிகம் உள்ள வீடுகளின் குழந்தைகளே திரும்பாமல் இருந்திருக்கவும் கூடும். சேர்க்கை தள்ளிப்போனதால் முதல் இரண்டு வகுப்புகளில் எட்டு வயதுக் குழந்தைகள் இருந்தார்களா என்றும் வயதுப் பட்டியலில் பாருங்கள். பரிசோதனைப் பட்டைகளின் காலாவதித் தேதி, குறித்தபடி பத்தாவது நிமிடத்தில் முடிவு வாசிக்கப்பட்டதா என்பது, இவை இரண்டையும் குழுத் தலைவரின் குறிப்பேட்டில் காணலாம். எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த ஆய்வுக்கான இரண்டு முதல் மூன்று ஆண்டு இடைவெளியை 2022-இலிருந்து கணக்கிடுங்கள். பழைய நாட்காட்டியைப் பிடிக்கும் அவசரத்தில் இடைவெளியைச் சுருக்கிவிட வேண்டாம்.

இவ்வளவு சொன்னதால், பெருந்தொற்று ஆண்டின் ஒவ்வொரு சரிவும் பொய் என்றும் ஆகிவிடாது. நரம்புச் சிலந்தி (கினிப் புழு) நோயாளிகள் உலகெங்கும் 2019-இல் 54 பேர், 2020-இல் 27 பேர், 2021-இல் 15 பேர். அதை நான் நம்புவதற்கு இரண்டு காரணங்கள். அந்த நோயின் கண்காணிப்பு பெரும்பாலும் அந்தந்தக் கிராமத்திலேயே வாழும் தன்னார்வலர்களின் கையில் இருக்கிறது. சாலைகள் மூடினாலும் அவர்கள் ஊரில்தான் இருந்தார்கள். இரண்டாவது, அசுத்தமான நீரைக் குடித்து ஏறத்தாழ ஓராண்டு கழித்தே புழு தோலைத் துளைத்து வெளிவரும். 2020-இல் பெருமளவு நோயாளிகள் தவறவிடப்பட்டு, அவர்கள் நீர்நிலைகளில் இறங்கியிருந்தால், 2021-இன் எண் அதைக் காட்டிக்கொடுத்திருக்கும், அப்படி நடக்கவில்லை. எதிர்த்திசையில் டெங்குவைப் பாருங்கள்: பல நாடுகளில் 2020-இல் பதிவு குறைந்தபோது, சிங்கப்பூரில் 35,000-க்கும் மேற்பட்டோர் பதிவாகி அதுவரை காணாத அளவை எட்டியது. கட்டாய அறிவிப்பும் ஆய்வகங்களும் அங்கே தொடர்ந்து இயங்கின. வீட்டிலேயே அடைந்திருந்தவர்களைப் பகலில் கடிக்கும் கொசுவும் தன் வேலையைச் செய்தது. அதே நாட்டில், டெங்குவுக்கான விரைவுப் பரிசோதனை சில கொரோனா நோயாளிகளிடம் தவறாக டெங்கு என்று காட்டியதும் பதிவாகியுள்ளது. ஆகவே எண் ஏறினாலும் இறங்கினாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அந்த ஆண்டில் யார், எதைக் கொண்டு, எத்தனை பேரைப் பார்த்தார்கள்?

இனி வரும் பெருந்தொற்றைப் பற்றிய உங்கள் கேள்வி. தேடலைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ட்செட்ஸி ஈக்களால் பரவும் ஆப்பிரிக்கத் தூக்க நோயின் வரலாற்றைவிடத் தெளிவான பாடம் இல்லை. 1960-களில் அந்தக் கண்டம் முழுவதும் ஆண்டுக்கு 5,000-க்கும் குறைவானோரே பதிவாயினர். நோய் ஒழிந்தது என்ற எண்ணத்தில் கண்காணிப்பு தளர்ந்தது. 1998-இல் ஏறத்தாழ 40,000 பேர் பதிவாயினர். கண்டறியப்படாதவர்கள் மூன்று இலட்சம் பேர் இருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது. இப்போது 2020-இல் அதன் பெரும்பான்மை வகையான காம்பியன்ஸில் பதிவானவர்கள் 565 பேர். அந்த எண்ணைக் காணும்போது மகிழ்ச்சியும் அச்சமும் சேர்ந்தே வருகின்றன.

ஓர் அலுவலகத்தின் அளவில் விடாமல் செய்யக்கூடியவை சிலவே. எல்லாப் பணியாளர்களையும் பெருந்தொற்றுப் பணிக்கு அனுப்பினாலும், ஒரு வட்டாரத்துக்கு ஒருவரை இந்த நோய்களுக்கென எழுத்துமூலம் நிறுத்திவையுங்கள். வாய்மொழி உறுதி இரண்டாவது வாரத்தில் மறைந்துவிடும். சிகிச்சையில் இருக்கும் தொழுநோயாளிகளுக்கு இரண்டு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்தே கொடுக்கும்போது, கொண்டுசெல்பவர் அந்த வீட்டில் உள்ள மற்றவர்களையும் திண்ணையிலோ முற்றத்திலோ நிறுத்திப் பார்த்துவிட்டு வரட்டும். மிகக் குறைந்த பயணத்தில் மிக அதிகமான நோயாளிகளைத் தருவது உடனுறைவோர் பரிசோதனைதான். திடீரென நரம்பு வலி, சிவந்த வீக்கம், கை கால் வலுவிழப்பு ஆகியவற்றைத் தெரிவிக்க ஒரு தொலைபேசி எண் திறந்திருக்க வேண்டும். உடலின் எதிர்ப்பாற்றலே திடீரெனக் கிளம்பி நரம்பைத் தாக்கும் இந்தத் தொழுநோய் எதிர்வினையில் சில வாரத் தாமதமே நிரந்தர ஊனத்தில் முடிந்துவிடும் என்பதால், இதை மட்டும் எந்த ஊரடங்கிலும் தள்ளிவைக்க இயலாது. ஆய்வுகளைத் தள்ளிவைக்கலாம், பரிசோதனைப் பட்டைகளின் காலாவதித் தேதியைப் பார்த்துத் தள்ளிவையுங்கள்.

இப்போதைக்கு, 2020, 2021-இல் கண்டறியப்பட்ட ஒவ்வொரு தொழுநோயாளியின் பெயரையும் பதிவேட்டிலிருந்து எடுத்து, அவர்களின் உடனுறைவோர் அப்போது பரிசோதிக்கப்பட்டார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. அந்தப் பட்டியலே உங்கள் பள்ளத்தை நிரப்பத் தொடங்கும் இடம்; பரிசோதனையில் நோய் காணப்படாத உடனுறைவோரில் தகுதியுள்ளோருக்கு, 2018 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் தடுப்பு மருந்தான ஒற்றை வேளை ரிஃபாம்பிசினைக் கொடுக்கவும் அதே பயணம் உதவும்.

வரைபடத்தில் அந்த இரண்டு ஆண்டுகளையும் முறிந்த கோட்டால் வரைந்து, கீழே இப்படி ஒரு குறிப்பை இடலாம்: ‘2020, 2021-ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றின் காரணமாக வீடு வீடான தேடலும் பள்ளிப் பரிசோதனையும் பகுதியாகவோ முழுமையாகவோ நிறுத்தப்பட்டிருந்தன. பரிசோதிக்கப்பட்டோர் எண்ணிக்கை அட்டவணையின் இரண்டாம் நெடுவரிசையில் தரப்பட்டுள்ளது. இந்த ஆண்டுகளின் எண்களை முந்தைய ஆண்டுகளோடு நேரடியாக ஒப்பிட இயலாது.’ மேலதிகாரி அந்தக் குறிப்பை எடுத்துவிடச் சொன்னால், பரிசோதிக்கப்பட்டோர் நெடுவரிசையையாவது விட்டுவைக்கக் கேளுங்கள். அது இருந்தால், படிப்பவர் குறிப்பைத் தாமே எழுதிக்கொள்வார்.